கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர்

இராமநாதபுரத்துக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே தினமும் பேருந்தில் போய் வந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் கண்டக்டர் அண்ணன்தான். டிக்கெட் மெஷின், சில்லறை, எச்சில் தொடாமல் நோட்டு எண்ண வைத்திருக்கும் ஈரப் பஞ்சு இவற்றோடு அவருடைய தோல்பையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும். அவர் வாசிப்பதற்காக இல்லை, யாருக்காவது கொடுப்பதற்காக.

மண்டபத்தில் ஏறும் நர்ஸுக்குக் குழந்தை பிறந்தது, ஒரு புத்தகம். தங்கச்சிமடத்துக் கருவாட்டு வியாபாரி அம்மாவின் மகன் சவூதிக்குக் கிளம்பினான், ஒரு புத்தகம். உச்சிப்புளியில் இறங்கும் வாத்தியார் ஓய்வு பெற்றபோது சால்வைகளுக்கு நடுவே ஒரு புத்தகம். எல்லாமே ஒரே எழுத்தாளருடையவை. அதிலும் பெரும்பாலும் ஒரே நாவல். கடலைப் பற்றியது, தடிமனானது. அந்த எழுத்தாளரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடைசிக் காலத்தில் அந்தப் பெயர் வாயில் வந்துவிடாமல் இருக்க அண்ணன் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பாம்பன் தபால் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒன்று கிடைத்தது. டிக்கெட்டோடு சேர்த்து நீட்டினார். நான் தயங்கி, "படிச்சுட்டு எப்பண்ணே தரணும்?" என்று கேட்டேன்.

"தர வேணாம் தங்கச்சி. லைப்ரரியா நடத்துறேன்? குடுத்தது குடுத்ததுதான்."

அவர் பாம்பன்காரர். அப்பாவும் பெரியப்பாக்களும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் படகில் கால் வைத்தால் குமட்டும். பழக்கினால் சரியாகும் என்று சிறுவயதில் கட்டாயப்படுத்தி ஏற்றினார்களாம். கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். "ஏலே, மீனைப் பிடிச்சுட்டு வரச் சொன்னா, மீனுக்குச் சோறு போட்டுட்டு வாரியேலே" என்று அய்யா, அதாவது அவருடைய அப்பா, எல்லோர் முன்னாலும் சொல்வாராம். இதை எங்களிடம் சொல்லும்போது அண்ணனே முதலில் சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

"எங்க அய்யா என்கிட்ட அதிகம் பேசுனதில்ல தங்கச்சி. கடல்ல இருந்து வருவாரு, சுவரப் பாத்து உக்காந்துருவாரு. கடலுக்கு வராத பயகிட்ட என்னத்தப் பேசுறதுன்னு நெனச்சாரோ என்னமோ. அவரு போய்ச் சேந்த பெறகுதான் இந்தப் புத்தகம் என் கைக்கு வந்துச்சு. அவரு எங்கன போனாரு, அங்கன என்னத்தப் பாத்தாரு, ஏன் பேசாம உக்காந்திருந்தாரு, எல்லாம் இதுலதான் இருக்கு. எங்க அய்யாவோட நான் கடலுக்குப் போனது இந்தப் புத்தகத்துலதான். ஒரு தடவகூட வாந்தி வரல."

அந்த நாவலில் ஓர் அத்தியாயம் வரும். ஒரு படகு திரும்பி வராது. ஊரே கரையில் காத்துக்கிடக்கும். முதலில் அழுவார்கள், பிறகு அழுகை ஓய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பிறகு பசிக்கும். பசிக்கிறதே என்று வெட்கப்படுவார்கள். அந்த இடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அண்ணனுக்குக் குரல் இறங்கிவிடும். "இத எழுதுன மனுசன் எவ்வளவு பெரிய மனசுக்காரனா இருக்கணும்!" என்பார்.

ஒருமுறை இராமநாதபுரத்தில் புத்தகக் கண்காட்சிக்கு அந்த எழுத்தாளர் வந்தார். அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்றவர்கள் கையில் புத்தகம் வைத்திருந்தார்கள். இவர் கையில் புத்தகத்தோடு நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலமும் இருந்தது. முன்னும் பின்னும் நின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்களாம். எழுத்தாளர் பொட்டலத்தை வாங்கி, முகர்ந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்து, அதை மேஜையில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். எழுந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். ஒரு மாதத்துக்கு இந்தக் கதையைக் கேட்காமல் யாரும் எங்கள் பேருந்தில் பயணம் செய்யவில்லை.

அண்ணனின் மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகள், செல்வி. அவளுக்குப் பாம்பனிலேயே மாப்பிள்ளை பார்த்தார். கடலுக்குப் போகும் பையன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நல்ல உழைப்பாளி, வாய்த் துடுக்கு. கல்யாண மேடையில் மாமனார் நாவலை நீட்டியதும், "என்ன மாமா, இத நங்கூரமாப் போடலாம் போல இருக்கே" என்றான். கல்யாண மண்டபமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

ஆனால் அவன் வாசித்தான். கடலுக்குப் போகாத நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல உரக்க வாசிப்பானாம். கேட்பதற்குச் செல்வி. கதாநாயகியின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் செல்வி என்று மாற்றிக்கொள்வான். "செல்வி கோவத்தோட உள்ள போனாள்னு போட்டிருக்கு, நெசந்தான் போல" என்று சீண்டுவான். அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். "நான் குடுத்ததுலயே உருப்படியாப் போய்ச் சேந்தது அந்த ஒண்ணுதான்."

காற்று மாறுகிற ஒரு மாதத்தில் அவன் போன படகு திரும்பவில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது என்று வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்ததோடு சரி. காற்றும் நீரோட்டமும் எல்லைக்கு அந்தப் பக்கமாக இழுத்திருக்கும் என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

தேடப்போன படகில் அண்ணன் ஏறினார். வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தார்கள். பிடித்து இறக்கப் பார்த்தார்கள். "எம் மக கரையில உக்காந்திருக்கா. நான் அவ பக்கத்துல உக்காந்து என்னத்தச் சொல்ல?" என்று கையை உதறிக்கொண்டாராம். கூடப் போனவர் பிறகு சொன்னார்: போகிற வழியெல்லாம் வாந்தி. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வாந்தி. கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, படகின் முன்முனையான அணியத்தில் போய்க் கம்பியைப் பிடித்தபடி நின்று, "மாப்ள! ஏ மாப்ள!" என்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். குரல் கட்டிய பிறகு வாய் மட்டும் அசைந்தது.

உடல் அக்கரையில் ஒதுங்கியது. பேச்சுவார்த்தை, கையெழுத்து எல்லாம் முடிந்து இங்கே வந்து சேர்ந்தபோது முகத்தைச் செல்விக்குக் காட்டவில்லை.

அண்ணன் வேலைக்குத் திரும்பினார். பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறும்போது முன்பெல்லாம் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்ப்பார். இப்போது குனிந்து சில்லறையைப் பார்த்தார். ஆனாலும் புத்தகம் கொடுப்பதை விடவில்லை. முன்பைவிடக் கூடுதலாகவே கொடுத்தார் என்று சொல்லலாம். "வீட்ல எழவு விழுந்தவங்க இதப் படிக்கணும் தங்கச்சி. அந்தக் கரையில காத்துக்கெடக்கிற எடம். அது நம்மளத் தாங்கும்."

அடுத்த வருடம், ஒரு காலை நேரத்தில், இராமேஸ்வரத்தில் லாட்ஜ் மேனேஜராக இருந்த ஒருவர் ஓடும் பேருந்தில் தன் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "கண்டக்டரே, உங்க ஆளு என்ன பேசிருக்காருன்னு பாத்தீங்களா?"

நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். ஏதோ சேனலின் பேட்டி. மீனவர்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அந்த எழுத்தாளர் நிதானமாகப் பேசினார். எல்லை எங்கே என்று தெரிந்துதான் போகிறார்கள், பேராசை, பிடிபட்டால் அழுகை, செத்தால் தியாகி, இப்படிப்பட்டவர்களுக்காக நாடு எதற்கு அழ வேண்டும் என்றார்.

அண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் போய் டிக்கெட் போட்டார். மண்டபத்துக்குக் கேட்டவருக்குப் பாம்பன் டிக்கெட்டைக் கொடுத்தார். அவர் திருத்தச் சொன்னபோது, "மன்னிச்சுக்கிடுங்க, மன்னிச்சுக்கிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மத்தியானம் தபால் அலுவலகத்துக்கு வந்தார். "தங்கச்சி, வெட்டி ஒட்டிருப்பாங்க. முன்னாடி பின்னாடி எதாச்சும் சொல்லிருப்பாரு. முழுசாக் கெடைக்குமா?"

தேடி எடுத்தேன். சோற்று டப்பாக்களை மூடிவைத்துவிட்டு முழுப் பேட்டியையும் பார்த்தோம். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. காலையில் பார்த்த துண்டில் இருந்ததைவிட முழுசில் மோசமாக இருந்தது. பேட்டி எடுத்த பெண்ணே தவித்துப்போய், "இதைக் கேட்டா அந்தக் குடும்பங்கள் மனசு புண்படாதா சார்?" என்று, பேசியதை மாற்றிக்கொள்ள ஒரு வழி காட்டினாள். அவர் சிரித்தார். உண்மை புண்படுத்தத்தான் செய்யும் என்றார்.

"அந்தச் சிரிப்ப மட்டும் இன்னொரு தடவ காட்டு" என்றார் அண்ணன். காட்டினேன்.

"கருவாட்ட வாங்கிக்கிட்டு இதே சிரிப்புதான் சிரிச்சாரு."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நானும்.

என் கணவர் நிறைய வாசிக்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தார். "அண்ணே, ஆளையும் எழுத்தையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. ஆள் ஆயிரம் பேசுவான். எழுத்து அவனைவிடப் பெருசு. அந்த நாவல் நேத்தும் நல்ல நாவல், இன்னைக்கும் நல்ல நாவல்."

அண்ணன் மறுக்கவில்லை. காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். நான் வாசிச்சதோட நின்னிருந்தா அது எனக்கும் அவருக்கும் உள்ள வெவகாரம். வச்சிருப்பேன், கிழிப்பேன், யாருக்கு என்ன? ஆனா நான் குடுத்தேன்ல? ஒவ்வொரு ஆளு கையிலயும் நான்தான திணிச்சேன்? பெரிய மனசுக்காரன்னு சாமி சத்தியமாச் சொன்னேன்ல? இன்னைக்கு ஒருத்தன் அந்தப் பேட்டியப் பாத்துட்டு, அட, நம்ம கண்டக்டர் குடுத்தாரே அந்த ஆளு சொன்னா சரியாத்தான இருக்கும்னு நெனச்சான்னா? எம் மருமகன் பேராசையில செத்தான்னு நானே ஊரு பூரா சீட்டுக் குடுத்த மாதிரில ஆச்சு?"

என் கணவர் அவர் கையிலிருந்த ஆறிப்போன டம்ளரை வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

மறுநாளிலிருந்து அண்ணன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்.

பேருந்திலேயே கேட்டார். விடுமுறை நாட்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டார். கேட்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். "நான் ஒரு புத்தகம் குடுத்தேன். தப்பாக் குடுத்துட்டேன். திருப்பித் தந்துருங்க." சிலர் தேடி எடுத்து ஒட்டடையைத் தட்டிக் கொடுத்தார்கள். சிலர் தொலைத்திருந்தார்கள். கருவாட்டு வியாபாரி அம்மா, பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கொண்டுவந்து தந்தார். "நமக்கு எழுத்து வாராதுல்லப்பா. ஓம் மொகத்துக்காக வாங்கி வச்சேன்" என்றார். உச்சிப்புளி வாத்தியார் தர மறுத்துச் சண்டையே போட்டார். "அந்தாளு பேசுனதுக்கு நான் என்ன பண்ணுவேன்? இது நல்ல புத்தகம்" என்றார். அண்ணன் அவரோடு வாதாடவில்லை. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போய் நின்றார். கடைசியில் வாத்தியார் புத்தகத்தை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இராமேஸ்வரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். மழை பொய்த்து மிளகாய்க் கொல்லையை விட்டுவிட்டு வந்தவர். வருடக்கணக்காக அந்த நாவலை மெல்ல மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கேட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன். வாட்ச்மேன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சந்தான்யா இருக்கு. படகு காணாமப் போயிருச்சு. எல்லாரும் கரையில உக்காந்திருக்காக. அவன் வந்தானா இல்லையா? அதையாச்சும் சொல்லிட்டு வாங்கிட்டுப் போ" என்றார்.

அண்ணனால் சொல்ல முடியவில்லை. புறப்படத் தயாராக நின்ற பேருந்திலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணன் நீட்டிய கையை இறக்கவில்லை. வாட்ச்மேன் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த முகத்தில் பதில் இருந்ததோ என்னவோ, புத்தகத்தை அண்ணன் கையில் வைத்துவிட்டு, "சரிய்யா, வெளங்கிருச்சு" என்றார்.

என்னிடமும் கேட்டார். கொடுத்தேன். எனக்குப் பிடித்த புத்தகம்தான். ஆனால் அதை வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? புத்தகங்களையெல்லாம் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். எரித்துவிடலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். அவருக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "எரிக்கவா? அதுக்குள்ள எங்க அய்யா இருக்காருய்யா!"

கடைசியாக ஒரே ஒரு பிரதி பாக்கி. "செல்விகிட்ட எனக்குக் கேக்கத் தெரியல தங்கச்சி. நீ கூட வா" என்றார். போனேன்.

பாம்பனில் அவர் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தாள். மீன் கம்பெனி வேலைக்குப் போய் வந்தாள்; வீடெல்லாம் ஐஸ் கட்டி, மீன், ஈரம் கலந்த வாடை. கட்டிலின் தலைமாட்டில் தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒரு பக்கத்தின் முனை மடித்திருந்தது. எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அவளே பேச்சை எடுத்தாள்.

"எதுக்கு வந்திருக்கீகன்னு தெரியும்ப்பா. அந்த ஆளு பேசுனத நானும் பாத்தேன். என்னைவிட உங்களுக்கா வலிச்சிருக்கும்?"

"அப்ப அது எதுக்கும்மா ஒன் தலமாட்டுல?"

"இதுல அந்த ஆளு இல்லப்பா. அவுக வாசிச்சது இருக்கு. கடைசியா வாசிச்சுட்டு, வந்து மிச்சத்தப் பாப்போம்னு மடிச்சு வச்சுட்டுப் போனாக. அதுக்கு மேல ஒரு பக்கம் நான் பொரட்டல. வாசிக்கவும் மாட்டேன். முந்தின பக்கத்தச் சும்மா தொறந்து வச்சுக்கிட்டா, அவுக வாசிக்கிறது காதுல விழுது."

"பாவிம்மா அவன். ஒம் புருசன் சாவக் கேலி பண்ணவன். அவன் பேரு அட்டையில இருக்கு. அது பக்கத்துல எப்படிம்மா படுக்குற?"

"உங்க அய்யா உள்ள இருக்காருன்னு நீங்க சாக்குல கட்டி வச்சிருக்கீக. எங்க அவுக உள்ள இருக்காகன்னு நான் வச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானப்பா?"

"நான் ஒளிச்சு வச்சிருக்கேன். நீ தலமாட்டுல வச்சிருக்க."

"ஒளிச்சு வைக்க நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அண்ணன் எழுந்துவிட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு பேர் பேசியதும் சரியாகவே பட்டது. தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரோடு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் மகள் வீட்டுக்குள் போகவில்லை. தினமும் அந்தத் தெருவுக்குப் போவார்; மீனோ காய்கறியோ வாங்கி வாசலில் நின்றபடி கொடுப்பார். "உள்ள வாங்கப்பா" என்பாள். "டூட்டிக்கு நேரமாச்சு" என்பார். டூட்டி இல்லாத நாளிலும் அதையே சொல்வார். யாருக்கும் புத்தகம் கொடுப்பதும் நின்றுபோனது. என் மகளின் பிறந்தநாளுக்கு எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்தார். கடைக்காரர் சுற்றிய காகிதத்தைக்கூடப் பிரித்துக் காட்டத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

பணி ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. செல்வி ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலில் படுக்கப் போட்டாள். இப்படித்தான் அவர் மறுபடி அந்த வீட்டுக்குள் போனார். அவர் வருவதற்கு முன்பே புத்தகத்தை எடுத்து அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாளாம்.

பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், மறுபடி சுவர்.

மழைக்காலத்தில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் செல்வியைப் பார்க்கப் போனேன். கட்டிலைச் சுவரோரமாகத் தூக்கி நிறுத்தியிருந்தாள். தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், மத்தியானம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்தபோது, அவர் இடது கையால் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, குழறலாக, "வாசி" என்றாராம். அவளுக்கு முதலில் புரியவில்லை. அலமாரியைக் காட்டினார். அவள் எதை எங்கே ஒளித்துவைத்தாள் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"எந்த எடம்ப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா? படகு வராமல் ஊரே கரையில் உட்கார்ந்திருக்கிற இடத்தை எடுத்தாள். அவள் புருசன் கடைசியாக வாசித்துக் காட்டியதும் அதைத்தான். வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். மடிப்புக்கு வந்ததும் கையைத் தூக்கிப் போதும் என்பார். அதற்கு மேல் அவரும் போகச் சொல்லவில்லை. அதே பக்கங்கள்தான், திரும்பத் திரும்ப.

"ஒருநா வாசிச்சு முடிச்சதும், 'நல்லாத்தான் எழுதியிருக்கான், பாவி'ன்னாரு அத்தை. அது மட்டும் தெளிவா வந்துச்சு வாயில. சொல்லிட்டு அழுதாரு பாருங்க! அவுக செத்தப்பகூட அப்பா அப்படி அழல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாய், அப்பா மனசு ஆறித்தான் போயிருப்பார் என்று, சாவு வீட்டில் சொல்கிற எதையோ சொன்னேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். மடித்த பக்கத்துக்கு முந்தின பக்கத்தைத் திறந்து மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே காது கொடுத்துக் கேட்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல முடியல" என்றாள். "இப்ப இதத் தொறந்தா என் குரல்தான் கேக்குது அத்தை. அவுக குரல் வரமாட்டேங்குது."